மூன்று மணிக்குக் கல்லாகும் டயர்

பிள்ளைகள் அவளை வண்டி அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே அக்கம்பக்கம் பார்ப்பாள். வயது நாற்பத்தேழு. குட்டையான உருவம். ஓட்டுநர் இருக்கையில் இரண்டு திண்டு போட்டு உட்கார்ந்தால்தான் அவள் தலை வெளியே தெரியும். எதிரே வருகிறவர்களுக்கு ஆளில்லாத வேன் ஒன்று தானாக ஓடி வருகிற மாதிரி இருக்கும் என்று அவள் கணவர் கேலி செய்வார்.

முப்பத்தெட்டு வயது வரை அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. வேன் கணவருடையது. கார்களுக்கு இருக்கை உறை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். துணியையும் ரெக்சினையும் வேனில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய் வருவார். ஒரு நாள் காலை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. வேன் நடைபாதையில் ஏறி, செடிக்கடை வாசலில் அடுக்கியிருந்த மண்தொட்டிகளை எல்லாம் நொறுக்கிவிட்டுத் தானாக நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இனி ஸ்டீயரிங் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்தார். வேன் வாசலில் தூசி படிந்து நின்றது.

அதை விற்றுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் அவரிடம்கூடச் சொல்லாமல் போய் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். முதல் வாரம் முழுவதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. "அம்மா, வண்டி கொஞ்சமாவது நகர்ந்தாத்தான் நான் எதையாவது சொல்லித்தர முடியும்" என்று பயிற்சியாளர் கெஞ்சினாராம். பரீட்சையில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். உரிமத்தைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தபோது, கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல ரொம்ப முறைக்கிறே" என்றார். 

அப்படித்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்ட வந்தாள். பெரிய பேருந்தில் போக முடியாத ஆறு பிள்ளைகள் அவள் பொறுப்பு. பார்வை இல்லாத பையன் ஒருவன். ஊன்றுகோலோடு நடக்கும் அக்கா தங்கைகள் இருவர். கண் கொத்திப் பாம்பாகக் கவனிக்காவிட்டால் ஜன்னல் வழியாகவே இறங்கிப் போய்விடக்கூடிய இரட்டையர்கள் இருவர். ஆறாவதாக வந்து சேர்ந்தாள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி.

அவளுக்குப் பிறவியிலேயே எலும்புகள் பலவீனம். ஒரு முறை பலமாகத் தும்மியதிலேயே விலா எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. சிறிய சக்கர நாற்காலியில்தான் பெரும்பாலும் இருப்பாள். நல்ல நாளாக இருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பாள். அவள் அம்மா கடைத்தெருவில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி இழைக்கும் வேலை செய்தாள். வீட்டில் அவர்கள் இருவர்தான். முதல் நாள் காலை அந்த அம்மா இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்து நின்றாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, திடீரென்று பிரேக் போடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். வண்டி அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் இருந்த சின்னவள் அவளை ஏறிட்டுப் பார்த்து, "பயப்படாதீங்க அத்தை. நான் ஒரு பார்சல் மாதிரி. தலைகீழாப் பிடிக்காம இருந்தாப் போதும்" என்றாள்.

அன்று முதல் வேனில் அவளுக்குப் பெயர் பார்சல்.

அந்த ஊரில் காலையும் மதியமும் ஒரே நாளில் வருகிற இரண்டு பருவங்கள் மாதிரி. விடியற்காலையில் மூச்சு புகையாகப் போகும். ஸ்டீயரிங்கைத் தொட்டால் விரல் விறைக்கும். மதியம் அதே ஸ்டீயரிங்கில் துணி சுற்றித்தான் பிடிக்க முடியும். காலையில் ஆறு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குப் பள்ளியில் விடுவாள். வேன் பள்ளிக்குப் பின்னால் உள்ள பொட்டல் மைதானத்தில் மூன்று மணி வரை நிற்கும். பிறகு அதே பாதையில் திரும்புவாள்.

காலைப் பயணங்களில் பார்சலின் வாய் ஓயாது. கடைப்பலகைகளைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகப் படிப்பாள். பார்வையில்லாத பையன் அது எந்தக் கடை என்று கண்டுபிடிக்க வேண்டும். அவன் வாசனையை வைத்தே பாதியைச் சொல்லிவிடுவான் என்பது வேறு விஷயம். மாலையில் அந்த விளையாட்டு பாதியில் நின்றுவிடும். சந்தைக்குப் பக்கத்தில் கருங்கல் பாவிய தெரு ஒன்று இருந்தது. வேன் அதில் ஏறியதும் பார்சலின் சத்தம் அடங்கிவிடும். அத்தை கண்ணாடியில் பார்ப்பாள். சின்னவள் சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை எங்கேயோ நட்டுவைத்து உட்கார்ந்திருப்பாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலை நம்ப அத்தை அவ்வளவு வெகுளி இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். காலையில் சிரித்துக்கொண்டு போகிற பிள்ளை மாலையில் உடம்பெல்லாம் வலியோடு வந்து சுருண்டுவிடுகிறது. அப்படியானால் நடுவில் பள்ளியில்தான் ஏதோ நடக்கிறது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அங்கே பார்சலைத் தூக்கி உட்கார வைப்பவர் ஆயாம்மா ஒருவர்தான். ஒரு நாள் அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, தலைமையாசிரியை அறையில் எல்லோர் முன்பும் ஆயாம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை மூட்டை மாதிரி தூக்குகிறீர்கள் என்று அவள் சொன்னாளாம். மறுநாள் முதல் பார்சலைத் தூக்கும் வேலையை வேறொருத்திக்கு மாற்றிவிட்டார்கள். மதியம் அத்தை வேனுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது, ஆயாம்மா குழாயடியில் உட்கார்ந்து ஏற்கெனவே கழுவிய டம்ளர்களையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

ஆள் மாறியும் மாலை வலி மாறவில்லை. அத்தைக்கு மனசு கேட்கவில்லை. பாதை ஒன்று, வேன் ஒன்று, ஓட்டுகிறவள் ஒருத்தி. காலையில் அதே கருங்கல் தெருவில் அதே பிள்ளை சிரித்துக்கொண்டு போகிறாள். அப்படியானால் மாலையில் மட்டும் எது வேறாகிறது? இதையே மூன்று நாள் மென்றுகொண்டிருந்தாள். நான்காம் நாள் மூன்று மணிக்கு வேனைச் சுற்றி வந்தவள் எதற்கென்றே தெரியாமல் முன் டயரில் கையை வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. காலால் ஓர் உதை விட்டுப் பார்த்தாள். கல்லை உதைத்த மாதிரி கட்டைவிரல்தான் வலித்தது.

மறுநாள் இரண்டு மணிக்கே வேனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு எதிர் வரிசையில் இருந்த பஞ்சர் கடைக்குப் போனாள். பஞ்சர் அண்ணன் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த அவசரத்திலும் எழுந்து வந்து காற்று அளந்து பார்த்தார். நாற்பத்து நான்கு பவுண்டு காட்டியது. வேன் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் முப்பத்து மூன்று என்று போட்டிருந்தது. ஒன்பது வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறாள். ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற பெரியவர், பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியாயிற்றே என்று வாரம் ஒரு நாள் காலையில் முப்பத்தெட்டு வைப்பார். அதற்கு மேல் பகல் முழுக்க வெயில். இதெல்லாம் அவளுக்கு அப்போது முழுசாகப் பிடிபடவில்லை. நாற்பத்து நான்கு, முப்பத்து மூன்று என்ற இரண்டு எண்கள்தான் மண்டையில் ஏறின. கையடக்கமான காற்றளவி ஒன்றை அவரிடமே வாங்கிக்கொண்டாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லாரிக்காரர் கூப்பிட்டார். இவள் கிளம்பிவிட்டாள்.

மைதானத்தில் குந்தி உட்கார்ந்து நான்கு டயரிலும் காற்றை இறக்கினாள். தாளில் போட்டிருந்தபடி முப்பத்து மூன்று வருகிற வரைக்கும். சூடான காற்று விரலில் பட்டு உஸ்ஸென்று போகப் போக, பிள்ளையின் வலியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

அன்று மாலை கருங்கல் தெருவில் பார்சலின் சத்தம் நிற்கவில்லை. நான்கு கடைகளைத் தலைகீழாகப் படித்தாள். இறங்கும்போது, "அத்தை, இன்னிக்குத் தெருவுக்கு மெத்தை போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். அத்தைக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. வீட்டில் கணவரிடம் ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னாள். அவரும் மூன்று முறையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டார்.

அன்றிரவு அந்த ஆண்டின் முதல் கடுங்குளிர் இறங்கியது. விடியும்போது வேன் கண்ணாடியில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. காற்றளவி அவள் பையில்தான் இருந்தது. நேற்றுத்தான் சரியாக வைத்தோமே என்ற எண்ணத்தில் அவள் அதை வெளியே எடுக்கவே இல்லை. வேனை நகர்த்தியதுமே ஸ்டீயரிங் கொஞ்சம் கனத்தது. திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு பேரையும் ஏற்றியாயிற்று. பாலம் தாண்டியதும் சாலையில் ஒரு பள்ளம். தினமும் பார்க்கிற பள்ளம்தான், மெதுவாகத்தான் இறக்கினாள். ஆனால் காற்றுக் குறைந்த டயர் அப்படியே நசுங்கி, சக்கரத்தின் இரும்பு விளிம்பு போய் நேராகப் பள்ளத்தின் ஓரத்தில் இடித்தது. வேன் முழுவதும் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது.

"அத்தை" என்றாள் பார்சல். ஒரே ஒரு தடவை. 

வேனை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் ஓடினாள். சின்னவள் இடது முழங்கையை வலது கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் மறுபடி நடந்துவிட்டது போல முகத்தை வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்றுமே ஓரிடத்தில் உட்காராத இரட்டையர்கள் அன்று சொல்லாமலே கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்குப் போகாமல் ஆறு பிள்ளைகளோடும் நேராக மருத்துவமனைக்கு வண்டியை விட்டாள். நடக்கிற வேகத்தில்தான் விட்டாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே கடந்து போனார்கள்.

முன்கை எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள். அம்மா கடையிலிருந்து ஓடி வந்தபோது கையெல்லாம் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்தது. பிள்ளையைத் தொடாமல் முதலில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அத்தை காத்திருந்தாள். பள்ளத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவளால் அது முடியவில்லை. நேற்று மதியம் நான்தான் காற்றை இறக்கினேன், காலையில் பார்க்காமல் எடுத்தேன், என்னால்தான் ஆச்சு என்று மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே நின்று சொல்லிவிட்டாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் முதல் வேனில் ஐந்து பிள்ளைகள்தான். பார்வையில்லாத பையன் முதல் இரண்டு நாள் பார்சல் எங்கே என்று கேட்டான். மூன்றாம் நாள் அவள் இருக்கையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

அத்தை பஞ்சர் கடைக்குப் போனாள். இந்த முறை அண்ணன் வேலையைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். "அன்னிக்கே உன்னை உட்காரவெச்சு சொல்லியிருக்கணும் தங்கச்சி. சூடா இருக்கிற டயர்ல காத்தைப் பிடுங்கவே கூடாது. அது குளிர்ந்ததும் இன்னும் இறங்கும்" என்றார். டயருக்குள் இருக்கிற காற்று சூட்டில் விரியப் பார்க்கும், விரிய இடம் இல்லாததால் உள்ளேயே முட்டும். குளிரில் அது சுருங்கும். ஆறு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய ஒரு பவுண்டு வித்தியாசம் வரும். அதனால்தான் கதவுத்தாளில் போட்டிருப்பது காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. இதையெல்லாம் அவர் ஒரு பழைய டயரின் மேல் சாக்பீஸால் கோடு போட்டே விளக்கினார். வெயிலில் முப்பத்து மூன்றாக இருந்தது அந்தக் குளிரில் இருபத்தேழுக்கு இறங்கியிருக்கும் என்று அவர் சொன்னபோது அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அவள் அளக்கத் தொடங்கினாள். விடியற்காலை, மதியம், மாலை என்று தினம் மூன்று வேளை. வெயிலில் நின்ற நாள், மேகம் மூடிய நாள், சுவரோரம் நிறுத்திய நாள் எல்லாம் அதில் அடக்கம். கணவரின் மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவரில் அவருடைய நீலத் தையல் சாக்பீஸால் எழுதினாள். அவரும் தன் பங்குக்கு ஒரு சிறிய வெப்பமானியை ஜன்னலுக்கு வெளியே கட்டிவைத்து, தைப்பதை நிறுத்திவிட்டு மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தார். காலையில் முப்பத்து மூன்று வைத்தால் பொட்டலில் நின்று மூன்று மணிக்கு முப்பத்தொன்பது ஆகிறது. பள்ளியின் தண்ணீர்த் தொட்டி நிழலில் நிறுத்தினால் முப்பத்தாறோடு நிற்கிறது. இரண்டு வாரத்தில் சுவர் நிறைந்துவிட்டது.

ஆனால் எண்கள் நிறைந்ததே தவிர மனசு லேசாகவில்லை. ஒரு மாலை அவள் சாக்கும் கையுமாகச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவர் மெஷினை நிறுத்தினார்.

"தொட்டியெல்லாம் உடைச்சேனே, அன்னிக்கு யாருமே என்கிட்ட கோபப்படல" என்றார். "செடிக்கடைக்காரர்கூட தண்ணி கொடுத்துப் படுக்கவெச்சாரு. அதுதான் எனக்கு ரொம்ப நாள் தூக்கம் வராம பண்ணுச்சு. நீ போய் அந்தப் பிள்ளையோட அம்மா முன்னாடி நில்லு. அவ நாலு வார்த்தை திட்டட்டும்."

"திட்டாம அனுப்பிட்டா?"

"மறுபடி போ."

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொதியை எடுத்தார். பார்சலின் இருக்கைக்காக அவர் தைத்த மெத்தை. நடுவில் மெதுவாகவும் ஓரங்களில் கெட்டியாகவும் மூன்று விதப் பஞ்சை அடுக்கியிருந்தார். எப்போது தைத்தார் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் மதியம் அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். முன்பக்கம் வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்கள். பின்னறையில் அந்த அம்மா குனிந்து ஒரு கண்ணாடிச் சில்லை ஈரச் சக்கரத்தில் இழைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், சக்கரத்தை நிறுத்தவில்லை. அத்தை நின்றுகொண்டே பேசினாள். முதலில் ஆயாம்மாவைப் பற்றித்தான் சொன்னாள். வலி பள்ளியில் வந்ததில்லை, என் வேனில்தான் வந்தது, அந்த அம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள். பிறகு வெயில், குளிர், சுவரில் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல்லை வீட்டிலிருந்தே பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

சக்கரம் நின்றது. "எவ்வளவு வித்தியாசம்னு சொன்னீங்க?"

"காலையில இருக்கிறதுக்கும் மூணு மணிக்கும் ஆறு பவுண்டு."

"ஆறுதானா?"

"ஆறுதான். கொஞ்சம்தான்."

அம்மா கையிலிருந்த சில்லைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கொஞ்சம்னு யாருக்கா சொன்னது? இதுல கால் பவர் மாறிப்போனா, போட்டுக்கிற ஆளுக்கு நாள் பூரா தலைவலி" என்றாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. எவ்வளவு நம்பி அனுப்பினேன் தெரியுமா, பையில் கருவியை வைத்துக்கொண்டு பார்க்காமல் எடுத்தீர்களே, என் பிள்ளை அழக்கூட மாட்டேன் என்கிறாள், அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். முன்பக்கம் கண்ணாடி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பேசிப் பேசி அம்மா ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு வரேன். அவ சீட்ல நான் உட்கார்ந்து பார்க்கணும்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். வேன் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றிருந்தது. அத்தை அவள் எதிரிலேயே நான்கு டயரையும் அளந்து காட்டினாள். அம்மா குனிந்து தன் கண்ணாலேயே எண்களைப் படித்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் அவள் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. இரட்டையர்களில் ஒருவன், நீங்களும் பார்சலா என்று கேட்டான். பெரிய பார்சல் என்றாள். புது மெத்தையில் உட்கார்ந்து, மகள் கட்டுகிற மாதிரியே இருக்கைப் பட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

கருங்கல் தெரு வந்தது. அத்தை கண்ணாடியில் பார்த்தபோது அவள் கண் திறந்திருந்தது.

"இங்கதான் அவ பேச்சை நிறுத்துவாளா?"

"இங்கதாங்க. அந்தப் பூட்டுக் கடை தாண்டினதும்."

"காலரைக் கடிப்பாளா?"

"ஆமாம்."

அம்மா அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேன் கற்களின் மேல் மெதுவாக அசைந்தசைந்து போனது. அசைவு இருந்தது, குத்தல் இல்லை. தெரு முடிந்து தார்ச்சாலை தொடங்கிய பிறகுதான் அவள் பேசினாள். "வீட்டுக்கு வந்தா மழுப்பிடுவா. எங்க வலிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. உங்களுக்கு எந்தக் கடையில ஆரம்பிக்கும்னு வரைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். அதில் குறையும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.  அத்தை சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

ஐந்து பிள்ளைகளையும் இறக்கிய பிறகு அம்மா பள்ளிக்குத் திரும்பிப் போகச் சொன்னாள். வாசலில் இறங்கி அவள் மட்டும் உள்ளே போனாள். ஆயாம்மா வீட்டுக்குக் கிளம்பும் நேரம். குழாயடியில் இருவரும் நின்று பேசியது அத்தைக்குத் தூரத்திலிருந்து தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை, பிறகு அவளும் விசாரிக்கவில்லை. சற்று நேரத்தில் ஆயாம்மாவே அந்த அம்மாவோடு வேன் வரைக்கும் வந்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட சால்வை நுனியை உள்ளே எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த திங்களிலிருந்து அவர்தான் பார்சலைத் தூக்க வேண்டும் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பார்சல் மாவுக்கட்டோடு வாசலில் காத்திருந்தாள். கட்டின் மேல் இரண்டு மூக்குக்கண்ணாடிப் படங்களை வரைந்து வைத்திருந்தாள்.

"பார்சல் திரும்பி வந்திருக்கு அத்தை. வீட்ல யாரும் வாங்கிக்கலையாம்."

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளைப் பட்டி போட்டு உட்கார வைத்தவள், வேனைச் சுற்றி மறுபக்கம் போய் ஒரு நிமிஷம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அன்று ஏழே கடைகள்தான் படித்து முடித்தார்கள். மற்ற நேரமெல்லாம் மருத்துவமனைக் கதை.

அதன் பிறகு மாலை வலி இல்லவே இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அந்த உடம்பில் வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கருங்கல் தெருவில் பேச்சு நிற்பது நின்றுவிட்டது. தலைமையாசிரியை தொட்டி நிழலை வேனுக்கென்றே ஒதுக்கிக் கொடுத்தார். பெட்ரோல் பங்குப் பெரியவர் முதலில் கொஞ்சம் மனத்தாங்கல் பட்டார், பிறகு அவரும் அவள் சொல்கிற அளவுக்கே காற்றடித்தார். குளிர் ஏறினால் ஒரு பவுண்டு கூட்டி, கோடை வந்தால் ஒரு பவுண்டு குறைத்து என்று அத்தை விடியற்காலையில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தாள். கண்ணாடிக் கடை அம்மா மாதம் ஒரு முறையாவது விடியலில் வந்து பக்கத்தில் குந்திக்கொள்வாள். சோதிக்க வருகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள் அத்தை. போகப் போக இருவரும் அளந்து முடித்த பிறகும் வேன் படியில் உட்கார்ந்து, வெயில் ஏறும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டின் கடைசிப் பள்ளி நாளில், கட்டு அவிழ்த்துப் பல மாதம் ஆகியிருந்தது, பார்சல் ஒரு நிபந்தனை போட்டாள். இன்று நாற்காலி வேண்டாம், தூக்கவும் வேண்டாம், வேனிலிருந்து நானே இறங்கி வாசல் வரை நடப்பேன் என்றாள். வீட்டு வாசலில் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தெருவோ குறுகல். வேன் நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கு வழியே இல்லை. பார்சல் கதவுக் கம்பியைப் பிடித்தாள். முதல் படியில் ஒரு கால் வைத்து மூச்சு வாங்கினாள். பிறகு மற்றக் கால். பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் ஒரு சரக்கு வண்டி. அத்தை என்ஜினை அணைத்தாள். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்து, பொறுங்கள் என்பது போல அப்படியே பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் பக்கக் கண்ணாடியில் இருந்தது. பார்சல் வாசலை அடையப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. அத்தைக்குக் கை வலித்தது. அவள் இறக்கவில்லை.